குடல்புண்: மருத்துவர்கள் மனம் மாறிய பத்து ஆண்டுகள்

வயிற்றுப்புண்ணுக்குக் கிருமிதான் காரணம் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கதையைப் பலரும் ஒரே காட்சியாகத்தான் கேட்டிருப்போம். ஆஸ்திரேலியாவில் ஓர் இளம் மருத்துவர்; அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை; கிருமியைக் கலக்கித் தானே குடித்தார்; நோய் வந்தது; உலகம் நம்பியது; பிறகு நோபல் பரிசு. மேடைப் பேச்சிலிருந்து வாட்ஸப் ஃபார்வர்டு வரை கதை இப்படித்தான் ஓடுகிறது. ஆள் உண்மை, குடித்தது உண்மை, பரிசும் உண்மை. ஆனால் "உலகம் நம்பியது" என்ற நடுத்துண்டு நடந்தபடி சொல்லப்படவில்லை.

பாரி மார்ஷல் கிருமியைக் குடித்தது 1984-இல். குடல்புண் நோயாளியிடம் அந்தக் கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு அறிவித்தது 1994 பிப்ரவரியில். நடுவே பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் மருத்துவர்களின் மனம் எதனால் மாறியது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். புதிய உண்மை எதிராளிகளை மனம் மாற்றி வெல்வதில்லை, அவர்கள் இறந்து புதிய தலைமுறை வருவதால்தான் வெல்கிறது என்று இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் எழுதியிருக்கிறார். இந்த நிகழ்வில் அது பொருந்தவில்லை. 1984-இல் தலையை ஆட்டி மறுத்த இரைப்பை மருத்துவர்களில் பெரும்பாலோர் 1994-இல் உயிரோடும் பணியிலும் இருந்தார்கள். மாறியவர்கள் அவர்களேதான்.

பழைய நம்பிக்கை எதன்மேல் நின்றது

"அமிலம் இல்லையேல் புண் இல்லை." 1910-இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் வைத்த இந்தச் சூத்திரம், முக்கால் நூற்றாண்டு இரைப்பை மருத்துவத்தை ஆண்டது. இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகுந்தால் சுவர் அரிக்கப்படுகிறது. முக்கியமாக, இரைப்பையை அடுத்துச் சிறுகுடல் தொடங்கும் பகுதியான முன்சிறுகுடலில் புண் விழுகிறது. அமிலம் ஏன் மிகுகிறது? கவலை, அவசரம், புகை, காரம், நேரந்தவறிய சாப்பாடு. 1915-இல் சிகாகோவின் பெர்ட்ராம் சிப்பி, மணிக்கொருமுறை பாலும் பாலேடும் புகட்டும் பத்தியத்தை வகுத்தார். அது பல பதிற்றாண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் நீடித்தது. மருந்தாலும் பத்தியத்தாலும் அடங்காதவர்களுக்கு அறுவை: இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது, அல்லது அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பைத் துண்டிப்பது.

மனக்கவலைக்கும் ஆய்வுச் சான்று ஒன்று இருந்தது. 1958-இல் ஜோசப் பிரேடி குரங்குகளை இரண்டிரண்டாக உட்காரவைத்து ஒரு சோதனை செய்தார். மின்னதிர்ச்சியைத் தடுக்கும் பொறுப்பு ஒரு குரங்குக்கு மட்டும். அதிர்ச்சி இரண்டுக்கும் சமம். பொறுப்பேற்ற குரங்குக்குத்தான் புண் வந்தது. அந்த ஆய்வில் குரங்குகளைப் பிரித்த விதத்திலேயே கோளாறு என்று பின்னர் தெரிந்தது. ஆனால் அதற்குள் "நிர்வாகிக் குரங்கு" பாடநூலில் ஏறிவிட்டது. பாடநூலில் ஏறியது எளிதில் இறங்குவதில்லை.

பழைய கொள்கைக்குப் பெரிய பலம், அது வேலை செய்தது என்பதுதான். 1976-இல் பிரிட்டனில் சிமெடிடின் வந்தது. டகமெட் என்ற பெயரில் விற்ற இம்மருந்து அமிலச் சுரப்பை அடக்கியது. சில வாரங்களில் புண் ஆறியது. அறுவைக்குக் காத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மருந்து வரலாற்றில் ஆண்டுக்கு நூறு கோடி டாலர் விற்ற முதல் மருந்து அது. அதைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பெற்றார். அடுத்து வந்த ரானிடிடின் அதையும் தாண்டி விற்றது. நம் ஊர் மருந்துக்கடைகளில் ரான்டாக் என்றும் ஜின்டாக் என்றும் வாங்கியது அதுதான்.

ஆக 1980-களின் தொடக்கத்தில் ஓர் இரைப்பை மருத்துவர் தன் அறைக்குள் நாள்தோறும் கண்டது, தன் கொள்கை வெல்லும் காட்சியைத்தான். புண் ஆறுவதை, குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபியில் கண்ணாலேயே பார்த்தார். அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்வது நியாயமில்லை. ஒரே ஒரு முள் மட்டும் இருந்தது: மருந்தை நிறுத்தினால் புண் திரும்பி வந்தது. ஓராண்டுக்குள் பெரும்பாலானோருக்குத் திரும்பியது. அதையும் கொள்கை விழுங்கிக்கொண்டது. குடல்புண் நாள்பட்ட நோய், ஆகவே ராத்திரி ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. நோயாளி பழகிக்கொண்டார், மருத்துவரும் பழகிக்கொண்டார், மருந்து நிறுவனத்துக்கு மகிழ்ச்சி.

கண்டும் காணாமல் போனவர்கள்

கிருமியை மார்ஷல் பணியாற்றிய ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தார்தான் முதலில் பார்த்தார்கள் என்றில்லை. 1940-இல் பாஸ்டனில் ஸ்டோன் ஃபிரீட்பெர்க், அறுத்தெடுத்த இரைப்பைகளில் சுமார் 40 விழுக்காட்டில் சுருள் கிருமிகளைக் கண்டார். 1954-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் எடி பாமர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரைப்பைத் திசுவைச் சோதித்து ஒன்றுமே இல்லை என்று எழுதினார். பாமர் கிருமியை எடுத்துக்காட்டும் வெள்ளிச் சாயத்தைப் பயன்படுத்தவில்லை. வழக்கமான சாயத்தையே போட்டிருந்தார். அமிலக் கிணற்றுக்குள் எந்தக் கிருமி பிழைக்கும் என்று ஏற்கெனவே நினைத்திருந்தவர்களுக்கு பாமரின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு வாசல் சாத்தப்பட்டது.

கிரேக்கத்தின் மிசோலோங்கி நகரில் ஜான் லிக்குடிஸ் என்ற பொது மருத்துவர் 1958-இலிருந்து குடல்புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துவந்தார். தனக்கு வந்த புண்ணிலேயே முதலில் சோதித்துப் பார்த்தவர் அவர். நோயாளிகள் குணமானார்கள், கூட்டம் கூடியது. அவர் அனுப்பிய கட்டுரையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் திருப்பி அனுப்பியது. கிரேக்க அதிகாரிகள் 1968-இல் அவருக்கு 4,000 டிராக்மா அபராதம் போட்டார்கள். 1980-இல் இறந்தார்.

லிக்குடிஸின் கதையை இந்த ஆய்வில் தாண்டிப் போக முடியாது. குணமான நோயாளிகளே மனத்தை மாற்றப் போதுமானால், அவர் 1960-களிலேயே வென்றிருக்கவேண்டும். அவரிடம் கிருமி இல்லை; ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு இல்லை; எண்டோஸ்கோபிப் படம் இல்லை. "எங்க டாக்டர்கிட்ட போனா சரியாயிடும்" என்ற ஊர்ப்பேச்சு மட்டும் இருந்தது. அதே பேச்சு எல்லா ஊரிலும் எல்லாப் போலி வைத்தியருக்கும் இருக்கிறது. சரியானதைச் சொன்னவரை அவர்களிடமிருந்து பிரித்தறிய அன்று வழியில்லை. இது அவருக்கு நேர்ந்த அநீதிதான். ஆனாலும் மறுத்தவர்களிடம் ஒரு காரணம் இருந்தது.

பெர்த்தில் நடந்தது

ராயல் பெர்த் மருத்துவமனையின் நோயியல் மருத்துவர் ராபின் வாரன், 1979 ஜூனில் ஒரு இரைப்பைத் திசுவில் நீல நிறக் கோடு ஒன்றைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தால் வளைந்த கிருமிகள். வெள்ளிச் சாயம் போட்டதும் பளிச்சென்று தெரிந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தார். கிருமி இருந்த இடத்தில் எல்லாம் இரைப்பை அழற்சியும் இருந்தது. சக மருத்துவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவே. 1981-இல் பயிற்சிக்காக வந்த பாரி மார்ஷலுக்கு ஓர் ஆய்வுத் தலைப்பு தேவைப்பட்டது, வாரனிடம் அனுப்பினார்கள்.

மார்ஷல் இரைப்பை மருத்துவத்துக்குப் புதியவர். அந்தத் துறை எதை நம்புகிறது என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருக்கவில்லை. 1982-இல் இருவரும் எண்டோஸ்கோபிக்கு வந்த 100 பேரிடம் திசு எடுத்தார்கள். கிருமியை வளர்த்துக் காட்டுவதுதான் பெரும்பாடு. தட்டுகளை இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒன்றும் வளரவில்லை என்று ஆய்வகம் எறிந்துகொண்டே இருந்தது. ஈஸ்டர் விடுமுறை வந்தது, ஆய்வகத்தில் வேறு வேலை குவிந்திருந்தது, சில தட்டுகள் ஐந்தாறு நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளரும் வகை. இரண்டு நாள் போதாது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இன்றைய பெயர் 1989-இல்தான் வந்தது.

அந்த 100 பேரில் முன்சிறுகுடல் புண் இருந்தவர்கள் 13 பேர். 13 பேரிடமும் கிருமி இருந்தது.

1983-இல் ஆஸ்திரேலிய இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கத்தின் மாநாட்டுக்கு மார்ஷல் தன் ஆய்வின் சுருக்கத்தை அனுப்பினார். வந்த 67 சுருக்கங்களில் 56 ஏற்கப்பட்டன, அவருடையது ஏற்கப்படவில்லை. இந்த நிராகரிப்புக் கடிதம் இன்று பல சொற்பொழிவுகளில் திரையில் காட்டப்பட்டுக் கைதட்டு வாங்குகிறது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் லான்செட் என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வாரன், மார்ஷல் இருவரின் கடிதங்களையும் வெளியிட்டது. செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த நுண்ணுயிரியல் கூட்டத்தில் அவரைக் கவனமாகக் கேட்டார்கள். 1984 ஜூனில் முழுக் கட்டுரையும் லான்செட்டில் வந்தது. நுண்ணுயிரியலார் எளிதாக ஏற்றார்கள், ஏனென்றால் அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது எதுவுமில்லை. அவர்களுக்கு ஒரு புதுக் கிருமி கிடைத்தது. இரைப்பை மருத்துவருக்கோ, தான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த அறிவுரை ஆட்டம் காண்கிறது. ஒரே சான்று, யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்து அதன் எடை மாறியது.

மறுப்புகள் முட்டாள்தனமாக இருக்கவில்லை

எதிர்த்தவர்கள் மூன்று கேள்விகள் கேட்டார்கள். புண்ணால் நொந்த இடத்தில் கிருமி பிறகு வந்து குடியேறியிருக்கலாம் அல்லவா? கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணே இல்லையே, ஏன்? சரி, கிருமியைக் கொன்றால் நோய் போகிறது என்று காட்ட முடியுமா?

இரண்டாவது கேள்வி மிக வலுவானது. இன்றும் முழுதாகத் தீரவில்லை. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வயிற்றில் இக்கிருமி இருந்தது. புண் வந்தவர்கள் சிறுபான்மையினர். இந்தியாவிலேயே பாருங்கள். மைசூரில் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி, தெற்கே அரிசி உண்ணும் பகுதிகளில் முன்சிறுகுடல் புண் மிக அதிகம், வடக்கே கோதுமை உண்ணும் பகுதிகளில் குறைவு என்று பதிவு செய்தார். கிருமியோ இரண்டு பக்கமும் பரவலாக இருந்தது. கிருமி ஒன்றே முழுக்கதை என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கிருமியின் வகை, தொற்று வந்த வயது, உடலின் எதிர்வினை, உணவு எனப் பலவும் சேர்ந்துதான் புண்ணைத் தீர்மானிக்கின்றன. வலி மாத்திரைகளால் கிருமியே இல்லாமலும் புண் வருகிறது. ஆக, "கிருமி என்றால் புண்" என்று மார்ஷல் அடித்துப் பேசியபோது சந்தேகப்பட்டவர்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

அந்தக் குவளை

முதல் கேள்விக்கு விடை சொல்லத்தான் மார்ஷல் குடித்தார். பன்றிக்குட்டிகளுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார், தொற்றவில்லை. தன் இரைப்பை நலமாக இருக்கிறது என்று எண்டோஸ்கோபி செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, ஒரு நோயாளியிடமிருந்து வளர்த்த கிருமியைக் குடித்தார். மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சில நாட்களில் வாந்தி. வாய் நாற்றத்தை வீட்டார் கவனித்தார்கள். பத்தாம் நாள் எடுத்த திசுவில் அழற்சி தெளிவாக இருந்தது.

கதை வழக்கமாக இங்கே நின்றுவிடும். 1985-இல் அவரே ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதிய அறிக்கையில் மேலும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, பதினான்காம் நாளுக்குள் அந்த அழற்சி பெரும்பாலும் தானாகவே தணிந்துவிட்டது. இரண்டு, புண் வரவே இல்லை. அதாவது, நலமான இரைப்பையில் இக்கிருமி அழற்சி உண்டாக்கும் என்பது நிறுவப்பட்டது. குடல்புண் பற்றி எதுவும் நிறுவப்படவில்லை. ஒரே ஆள் வேறு. நியூசிலாந்தில் ஆர்தர் மாரிஸ் இதையே திரும்பச் செய்து 1987-இல் வெளியிட்டார்; அவருக்குத் தொற்று எளிதில் விலகாமல் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டது. அந்த வகையில் மாரிஸின் சான்று கனமானது. அவர் பெயர் எந்த ஃபார்வர்டிலும் வருவதில்லை.

குவளை மனங்களை மாற்றவில்லை என்றால் அது எதைச் செய்தது? பத்திரிகைகளில் செய்தியானது. அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் படித்துவிட்டு நோயாளிகள் தேடி வந்தார்கள். கவனத்தை வாங்கித் தந்தது. நம்பிக்கையை வாங்கித் தரவில்லை. சில நிபுணர்களிடம் எதிர்விளைவுகூட உண்டானது, ஏனென்றால் தன்னையே சோதனைக்குள்ளாக்கும் மருத்துவர் விளம்பரப் பிரியராகவே தெரிவார்.

திரும்பி வராத புண்

மனங்களை நகர்த்தியது மூன்றாவது கேள்விக்கான விடை. அதற்கான தடயம் பழைய முகாமின் சொந்த வீட்டிலேயே கிடந்தது. 1981-இல் லான்செட்டில் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு: சிமெடிடினால் ஆறிய புண்ணைவிட, பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பு கலந்த டி-நால் என்ற பழைய மருந்தால் ஆறிய புண் குறைவாகத் திரும்புகிறது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மார்ஷல் தன் கிருமித் தட்டில் டி-நாலை வைத்துப் பார்த்தார்; சுற்றிலும் கிருமி செத்து வெற்றிடம் தெரிந்தது. அமிலத்தை அடக்காத ஒரு மருந்து ஏன் நீடித்த பலன் தருகிறது என்ற புதிருக்கு அமிலக் கொள்கையிடம் விடை இல்லை. கிருமிக் கொள்கையிடம் இருந்தது.

1988-இல் மார்ஷல் குழுவின் ஆய்வு வந்தது. முன்சிறுகுடல் புண் உள்ள 100 பேர். கிருமி ஒழிந்தவர்களில் ஓராண்டுக்குள் புண் திரும்பியது 21 விழுக்காட்டினருக்கு. கிருமி நீடித்தவர்களில் 84 விழுக்காட்டினருக்கு. இது மார்ஷலின் எண். ஆகவே சந்தேகிகள் அசையாமல் இருக்க இன்னும் இடமிருந்தது. ஆனால் ஒப்பான முடிவுகள் 1987-இல் டப்ளினிலிருந்தும், 1990-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும், 1992-இல் ஹூஸ்டனில் டேவிட் கிரஹாமின் குழுவிடமிருந்தும் வந்தன. 1993-இல் வியன்னாவில் 104 பேரிடம் செய்த ஆய்வில் அமில மருந்து இரு குழுவுக்கும் ஒன்றே. ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே ஆன்டிபயாட்டிக். ஓராண்டில் புண் திரும்பியது ஒரு பக்கம் 8 விழுக்காடு, மறுபக்கம் 86.

8-க்கும் 86-க்கும் நடுவே வாதம் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. அதோடு, இந்த எண்கள் தொட்டது ஒவ்வொரு இரைப்பை மருத்துவரும் ஏற்கெனவே அறிந்த முள்ளை. புண் திரும்பி வரும் என்பது அவர்களுக்குக் கட்டுரையில் படித்த செய்தி இல்லை; ஒவ்வொரு வாரமும் அதே முகங்கள் அதே வலியோடு வந்து நிற்பதைப் பார்த்து அறிந்தது. புதிய கொள்கை அவர்களின் வெற்றியை மறுத்திருந்தால் இன்னும் நாளாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அது அவர்களே ஒத்துக்கொண்டிருந்த தோல்வியை விளக்கியது. ஒரு மருத்துவர் தன்னிடம் வந்த நான்கைந்து பழைய நோயாளிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்து, அடுத்த ஆண்டு அவர்கள் வராமல் போனதைக் கண்டால் போதும். யாரும் வந்து வாதாட வேண்டியதில்லை.

மாற்றத்தின் விலையும் அதே ஆண்டுகளில் இறங்கியது. தொடக்கத்தில் பிஸ்மத்தோடு இரண்டு ஆன்டிபயாட்டிக், ஒரு நாளைக்குக் கைநிறைய மாத்திரை, குமட்டல், கறுத்த மலம். கிருமி இருக்கிறதா என்று அறிய எண்டோஸ்கோபி. ஒமெப்ரசோல் என்ற புதிய அமில மருந்து வந்தபின் அதோடு இரண்டு ஆன்டிபயாட்டிக், ஒன்று அல்லது இரண்டு வாரம் என்று சுருங்கியது. கிருமி சுரக்கும் யூரியேஸ் நொதியை வைத்து மூச்சை ஊதச் சொல்லியே கண்டுபிடிக்கும் சோதனை வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அமில மருந்து போய்விடவில்லை. புதிய சிகிச்சையில் பழைய மாத்திரையும் ஒரு அங்கம். "நீங்கள் செய்ததெல்லாம் தவறு" என்று எந்த மருத்துவரிடமும் யாரும் சொல்லவில்லை. "செய்வதைச் செய்யுங்கள், கூடவே இதையும் கொடுங்கள்" என்றார்கள். மானம் போகாமல் மாற ஒரு பாதை இருந்தது.

பணமும் பேசியாக வேண்டும். அமில மருந்து நிறுவனங்கள் இந்த உண்மையை அமுக்கி வைத்தன, சிமெடிடினின் அமெரிக்கக் காப்புரிமை 1994-இல் முடிந்தபின்தான் வெளியே விட்டன என்றொரு விளக்கம் பிரபலம். ஆயுள் முழுக்க வாங்கவேண்டிய மாத்திரையை விற்பவருக்கு இரண்டு வாரச் சிகிச்சையில் ஆர்வம் இருக்காது என்பது உண்மை. ஆய்வுக்கான பணம் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் பிஸ்மத் விற்ற பிராக்டர் அண்ட் கேம்பிள் மார்ஷலுக்கு ஆதரவளித்தது. ரானிடிடின் விற்ற கிளாக்சோவே அதனோடு பிஸ்மத்தைச் சேர்த்து, கிருமிக்கென ஒரு மருந்தைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் ஒரே முகாமாக நிற்கவில்லை. காப்புரிமை முடிவது வேகத்தைக் கூட்டியிருக்கலாம். வியன்னாவின் 8-ஐயும் 86-ஐயும் அது உண்டாக்கவில்லை.

1994-க்குப் பிறகு

பிப்ரவரி 7 முதல் 9 வரை, அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் நடந்த கூட்டம் புதிய சான்று எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததைக் கூட்டிப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொன்னது. அதனால் அது சடங்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதற்கு முன் ஆன்டிபயாட்டிக் கொடுத்த மருத்துவர் ஏன் கொடுத்தேன் என்று விளக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின் கொடுக்காதவர் விளக்க வேண்டியதாயிற்று. தனியாக மனம் மாறியிருந்தும் சக மருத்துவர் என்ன சொல்வாரோ என்று தயங்கியவர்களுக்கு அந்தத் தீர்ப்பு அனுமதிச்சீட்டு. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. ஐரோப்பிய நிபுணர்கள் 1996-இல் மாஸ்ட்ரிக்டில் கூடினார்கள். வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் 2005-இல்.

பொதுமக்கள் இதில் எங்கே நின்றார்கள்? 1997-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட தகவலின்படி, சுமார் 60 விழுக்காட்டு அமெரிக்கர்கள் புண்ணுக்கு மனஅழுத்தமே காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர்கள் மாறி மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்த நிலை. நம் ஊரில் கணக்கெடுக்கவே வேண்டாம். "நேரத்துக்குச் சாப்பிடல, அதான் அல்சர்" என்பது இன்றும் அம்மாக்களின் தீர்ப்பு. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, லாரி ஓட்டுநர், ஐ.டி. ஊழியர் எல்லாருக்கும் ஒரே காரணம். பச்சை மிளகாயும் ஊறுகாயும் குற்றவாளிக் கூண்டில். மணத்தக்காளிக் கீரையும் மோரும் மருந்து.

இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் நோயாளி தன் வயிற்றில் என்ன காண்கிறார்? காரம் தின்றால் அரைமணியில் எரிகிறது. விட்டால் தணிகிறது. பட்டினி கிடந்தால் கிள்ளுகிறது, இரண்டு வாய் சோறு போனால் அடங்குகிறது. தன் உடம்பே ஒவ்வொரு நாளும் சாட்சி சொல்லும்போது அவர் ஏன் வேறு காரணத்தை நம்பவேண்டும்? எரிச்சலைத் தூண்டுவது வேறு, புண்ணை உண்டாக்குவது வேறு. அந்த வேறுபாடு ஒருவரின் அனுபவத்துக்குள் தெரியவே தெரியாது. புண் திரும்புகிறதா இல்லையா என்பது ஓராண்டு கழித்து, பலரைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் உண்மை. மருத்துவர் அதைப் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நோயாளி அந்த இடத்தில் இல்லை. சரியான தகவலைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் மாறும் என்ற சுகாதாரப் பிரசாரங்களின் நம்பிக்கை எனக்கு இதனால்தான் பலவீனமாகப் படுகிறது.

இதன் விளைவு சிகிச்சையில் தெரிகிறது. பதினான்கு நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தால், நான்காம் நாள் எரிச்சல் நின்றதும் பலர் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிடுகிறார்கள். வாய்க்கசப்பு, வயிற்றுப்போக்கு வேறு. எரிச்சலை நிறுத்தியது கூட வந்த அமில மாத்திரை என்பது அவருக்குத் தெரியாது. அதை மட்டும் தனியே வாங்கி மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் போடுகிறார். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. கிருமி சாகவில்லை, மருந்துக்குப் பழகிக்கொண்டது. இதற்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் மெட்ரோனிடசோலுக்கு இந்தியாவில் இக்கிருமியின் எதிர்ப்பு மிக அதிகம். கிளாரித்ரோமைசினுக்கும் பல நாடுகளில் கூடிக்கொண்டே வருகிறது. சிகிச்சை தோற்றால், "பார்த்தீங்களா, காரத்தைக் குறைக்கச் சொன்னேனே" என்று பழைய நம்பிக்கை மீண்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து கிருமி ஒழிந்ததா என்று பார்க்கவேண்டும் என்பது சிகிச்சை நெறிமுறை. மருத்துவக் காரணம் ஒருபுறமிருக்க, கிருமி இருந்தது என்பதையும் இப்போது இல்லை என்பதையும் நோயாளி தன் கண்ணால் பார்க்கும் ஒரே தருணமும் அதுதான். முதல் தாளில் பாசிட்டிவ், இரண்டாம் தாளில் நெகட்டிவ். பெரும்பாலும் அந்த இரண்டாம் சோதனைதான் நடப்பதில்லை. வலி போய்விட்டது, மறுபடி எதற்குச் செலவு என்று நோயாளி நினைக்கிறார், மருத்துவரும் வற்புறுத்துவதில்லை.